நிலாவில் சாராபாய்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும் என்று மாணவர் பேரவையில் கேட்டார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது கலாம் ஐயாவைத்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர், நம்ம ஏரியாக்காரர் மாதிரி, அதனால் வருஷா வருஷம் யாராவது ஒருவர் அவரைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். நான் அவருடைய குருநாதரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். அது யாருப்பா என்று பேரவைச் செயலாளரே கேட்டுவிட்டார்! டாக்டர் விக்ரம் சாராபாய். 1971-ல் மறைந்தவர். அவரை நான் தேடிப் போனதற்கு அறிவியல் ஆர்வம் காரணம் என்று சொன்னால் அது பொய். எங்க மாமாதான் காரணம்.

2023 ஆகஸ்ட் 23. சாயங்காலம் 6 மணி 4 நிமிஷம். சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நான் பத்தாவது. சேலையூரில் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிகூட கை தட்டினார். மாமா மட்டும் காபியை ஆற்றிக்கொண்டே, இதெல்லாம் கம்ப்யூட்டர் படம், அமெரிக்காக்காரன் 1969-ல் ஸ்டூடியோவில் எடுத்தான், இவங்க இப்போ பெங்களூரில் எடுக்கிறாங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மாமா கிண்டி தொழிற்பேட்டையில் இருபத்தைந்து வருஷமாக லேத் ஓட்டுகிறவர். நூல் பிடித்த மாதிரி அளவு பார்க்கிறவர். அப்பா இல்லாத எனக்கு ஃபீஸ் கட்டுகிறவரும் அவர்தான். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஏனென்றால், மனிதன் நிலாவுக்கே போகவில்லை என்ற கதையை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்! எட்டாவது படிக்கும்போது ஒரு வீடியோ பார்த்துவிட்டு, காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி ஆடும், வானத்தில் நட்சத்திரமே காணோமே, நிழல் ஏன் ஒவ்வொரு பக்கம் விழுகிறது என்று சாப்பிடும்போதெல்லாம் அடித்து விட்டிருக்கிறேன். மாமா அதை நம்பிவிட்டார். நம்பியவர் அதே அளவுகோலை நம்ம நாட்டு விண்கலத்துக்கும் வைத்துவிட்டார். நியாயம்தானே? அமெரிக்காக்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

டி.வி.யில் அன்றைக்கு நூறு தடவை சொன்ன பெயர் விக்ரம். இறங்கிய கலத்தின் பெயர். எனக்கு கமல் படம்தான் ஞாபகம் வந்தது. விக்ரம் என்று ஒரு மனிதர் இருந்தார், அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது மறுநாள் பள்ளிக்கூடத்தில் சார் சொல்லித்தான் தெரியும். அன்றைக்குப் பிடித்த நூல், இன்னும் விடவில்லை.

விக்ரம் அம்பாலால் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். பெரிய மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. எட்டுக் குழந்தைகளில் ஒருவர். பிள்ளைகளுக்காக வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள் என்றால் வசதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தியும் தாகூரும் வந்து போன வீடு. இன்னொரு வேடிக்கை. 1918-ல் அகமதாபாத் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது முதலாளிகள் பக்கம் நின்றவர் விக்ரமின் அப்பா அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா பென்! அக்காவும் தம்பியும் எதிரெதிர் அணியில். அப்படிப்பட்ட வீட்டில் வளர்கிற பையன், யார் சொன்னாலும் ஏன் என்று கேட்கத்தான் செய்வான்.

நம்ம பசங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சிறு வயதில் வீட்டுப் பட்டறையிலேயே ஒரு ரயில் இன்ஜின் மாதிரியை, ஓடுகிற மாதிரியாக, ஆட்களின் உதவியோடு செய்து முடித்தாராம். பணக்கார வீட்டுப் பிள்ளை வாங்கித் தரச் சொல்லியிருக்கலாம். கையில் கிரீஸ் பட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் போய் 1940-ல் இயற்கை அறிவியல் பட்டம் வாங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஊர் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டி யார் தெரியுமா? திருச்சியில் பிறந்த நம்ம சர் சி.வி. ராமன்! எடுத்துக்கொண்ட பாடம் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் நுண்ணிய துகள்கள் இவை. கண்ணுக்குத் தெரியாது. ஒரு துகள் கருவிக்குள் புகுந்தால் ஒரு எண் ஏறும், அவ்வளவுதான். காலையில் எத்தனை, மதியம் எத்தனை, இரவில் எத்தனை என்று வருகைப் பதிவேடு மாதிரி நாள் கணக்கில், மாதக் கணக்கில் குறிக்க வேண்டும். பார்க்க ரொம்ப சலிப்பான வேலை. ஆனால் 1942-ல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையே இந்தக் கால வரிசைக் கணக்கைப் பற்றியதுதான். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை அளந்து அளந்தே நம்புவது. இதுதான் அவர் பழகிய முதல் தொழில். இந்த காஸ்மிக் கதிரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பெங்களூரில்தான் மிருணாளினியைச் சந்தித்தார். சென்னை வக்கீல் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள், பரதநாட்டியக் கலைஞர். நேதாஜி படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் சொந்தத் தங்கை. 1942-ல் சென்னையில் கல்யாணம் நடந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் யாரும் வர முடியவில்லை. ஆக, சாராபாய் நம்ம சென்னைக்கு மாப்பிள்ளை! இந்த ஒரு விஷயத்தை மட்டும் மாமாவிடம் சொன்னபோது முகம் மலர்ந்தது.

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போனார். 1947-ல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். திரும்பிய அதே வருஷம் நவம்பரில் அகமதாபாத்தில் ஒரு கல்லூரியின் சில அறைகளை வாங்கி இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். வயது 28. முதல் இயக்குநராக வந்தவர் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன். காஸ்மிக் கதிர்களை அளக்க நம்ம கொடைக்கானலிலும் ஒரு நிலையம் வைத்தார்கள். குல்மார்க்கிலும் திருவனந்தபுரத்திலும் வைத்தார்கள். பிறகு அவர் தொடங்கியவற்றைப் பட்டியல் போட்டால் மலரின் பாதிப் பக்கம் போய்விடும். ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 1961-ல் அகமதாபாத் மேலாண்மைக் கழகம், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு அறிவியல் மையம்... மனிதர் தூங்கினாரா என்பதே சந்தேகம்.

இனி தும்பா. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வானத்தின் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய ராக்கெட் விட வேண்டும் என்பது சாராபாயின் திட்டம். அங்கே புனித மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது, ஆயர் வீடு இருந்தது, மீனவர் குடிசைகள் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் ஞாயிற்றுக்கிழமை பூசையில் மக்களிடமே கேட்டார், மக்கள் சம்மதித்தார்கள் என்று கலாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். தேவாலயம் அலுவலகம் ஆனது. ராக்கெட்டின் கூம்பு சைக்கிள் கேரியரில் போனது. அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அங்கே முதலில் போய் வேலை செய்த இளைஞர்களில் கலாமும் ஆர். அரவமுதனும் எம்.ஐ.டி. படித்தவர்கள். அதாவது நம்ம குரோம்பேட்டை! பல்லாவரம் மலையையும் மீனம்பாக்கம் விமானத்தையும் பார்த்துக்கொண்டு படித்த பசங்க.

1963 நவம்பர் 21 சாயங்காலம் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்க நாசா கொடுத்தது. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. ஹெலிகாப்டர் சோவியத் நாடு கொடுத்தது. வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் விரிந்ததைக் கடற்கரை முழுக்க நின்று ஜனங்கள் பார்த்தார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்புவோம் என்று அறிவித்த கென்னடி மறுநாளே சுட்டுக் கொல்லப்பட்டார். அதைச் சுற்றி ஒரு தனிச் சதிக் கதைக் குடும்பமே இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

தும்பாவில் அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே கூரைக்கு அடியில் வேலை பார்த்தன. பிறகு சோவியத் எம்-100 ராக்கெட்டுகளும் அங்கிருந்து போயின. வெளியிலோ இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள். 1969 ஜூலை 21, நம்ம நேரப்படி விடியற்காலை 1 மணி 47 நிமிஷத்துக்கு அப்போலோ 11 நிலாவில் இறங்கியபோது, சோவியத்தின் லூனா 15 என்ற ஆளில்லாத கலமும் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. சில மணி நேரம் கழித்து அது நிலாவில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தில் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கி இரண்டின் சிக்னலையும் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரி நாடு பக்கத்திலேயே ஆளை வைத்துக்கொண்டு, ஸ்டூடியோ நாடகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்குமா? இந்தக் கேள்வியை எட்டாவது படிக்கும்போது எனக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நம்ம ஊரில் அன்றைக்கு அதை யாரும் டி.வி.யில் பார்க்கவில்லை என்பதும் உண்மை. சென்னைக்கு டி.வி. வந்ததே 1975-ல்தான். எங்க தாத்தா காலத்து ஆட்கள் ரேடியோவில் கேட்டு, மறுநாள் பேப்பரில் படித்து நம்பினார்கள். நிலாவுக்குப் போகவே இல்லை என்று புத்தகம் வந்தது 1976-ல். எழுதியவர் அமெரிக்காவில் ஒரு ராக்கெட் இன்ஜின் கம்பெனியில் குறிப்புகள் எழுதும் வேலையில் இருந்து 1963-லேயே விலகிவிட்டவர், பெயர் பில் கேசிங். தானே அச்சடித்து விற்றார். 2001-ல் அமெரிக்க டி.வி. ஒன்று அதை ஒரு நிகழ்ச்சியாகப் போட்டது. அதன் பேரப்பிள்ளைதான் நான் பார்த்த வீடியோ.

கொடிக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி கோத்திருந்தார்கள், அதனால் விரிந்து நின்றது. கம்பத்தைத் திருகி ஊன்றும்போது ஆடியது. காற்று இல்லாததால் தடுக்க ஆளில்லை, கொஞ்ச நேரம் கூடவே ஆடியது. நட்சத்திரம் விஷயத்துக்கு நானே சோதனை செய்தேன். ராத்திரி தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விளக்குக்கு அடியில் நிற்கும் நண்பனை செல்போனில் படம் எடுத்தேன். முகம் வந்தது, வானம் கரி. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. வெளிச்சமான பொருளுக்கு கேமராவை வைத்தால் மங்கலானது பதியாது. நிழல் கேள்விக்கும் விடை அதே பிளாட்பாரத்தில் இருந்தது. இணையாகப் போகிற தண்டவாளங்கள் சானடோரியம் பக்கம் பார்த்தால் ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி தெரிகிறது இல்லையா? நிழலும் அப்படித்தான். மேடு பள்ளம் இருந்தால் இன்னும் கோணும். மூன்று கேள்விக்கும் சேர்த்து எனக்குச் செலவு ஒரு பிளாட்பாரம் டிக்கெட்.

கொஞ்சம் கனமான கேள்வி வான் ஆலன் வளையம். பூமியின் காந்தம் பிடித்து வைத்திருக்கும் மின் துகள்களின் வளையம் அது, தாண்டினால் மனிதன் செத்துப்போவான் என்கிறார்கள். இது சாராபாயின் சொந்தத் துறைக்குப் பக்கத்து வீடு. 1958-ல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளில் வைத்த துகள் எண்ணும் கருவிதான் அந்த வளையத்தைக் கண்டுபிடித்தது. வளையம் ஆபத்தானதுதான், அங்கேயே தங்கினால். அப்போலோ கலங்கள் தடிப்புக் குறைந்த ஓரமாகப் புகுந்து சில மணி நேரத்தில் தாண்டின. வீரர்கள் சட்டையிலேயே கதிர் அளக்கும் கருவி இருந்தது. அளவும் வெளியிடப்பட்டது, உயிரை எடுக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

1966 ஜனவரியில் விமான விபத்தில் ஹோமி பாபா இறந்தார். அணுசக்திக் கமிஷன் தலைவர் பதவியும் அந்த மே மாதம் சாராபாய் தலையில் விழுந்தது. நம்ம தாம்பரத்திலிருந்து தெற்கே பஸ் பிடித்தால் வரும் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் 1971-ல் உருவானது அவர் காலத்தில்தான். 1967 நவம்பரில் நம்ம நாட்டிலேயே செய்த முதல் ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து போனது. குறுக்களவு 75 மில்லிமீட்டர். நம்ம வொர்க்ஷாப் பைப் வைஸில் பிடித்துவிடலாம்! அப்போலோ ராக்கெட்டின் உயரம் 110 மீட்டர். சிரிப்பு வரத்தான் செய்யும். அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

1969 ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ தொடங்கியது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உலகமே நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சாராபாய் என்ன செய்தார்? நிலாவுக்கு ஆள் அனுப்பும் போட்டியில் பணக்கார நாடுகளோடு ஓடுவது நம்ம வேலை இல்லை, விண்வெளியை விவசாயிக்கும் மீனவனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பயன்படுத்துவதே நம்ம வேலை என்பதில் அவர் உறுதியாக நின்றார். அதே வருஷம் நாசாவோடு ஒரு ஒப்பந்தம் நடந்தது. அதன்படி 1975-76-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சி போனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நிலாவே வேண்டாம் என்றவர் பெயரில்தான் நிலாவில் கலம் நிற்கிறது. இதை அவர் ரசித்திருப்பாரா என்று எனக்குள் ஒரு கேள்வி. ரசித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் தும்பாவுக்கு வந்தவர், கோவளத்தில் தங்கினார். டெல்லியிலிருந்த கலாமிடம் போனில் பேசி, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காத்திருக்கச் சொன்னார். கலாம் வந்து இறங்கியபோது சாராபாய் உயிரோடு இல்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. டிசம்பர் 30. வயது 52.

பிரேதப் பரிசோதனை நடக்காததால் அவர் சாவைப் பற்றியும் சதிக் கதைகள் உலவுகின்றன. மனசு கேட்காதுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஆதாரம் என்று ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதர் விண்வெளி, அணுசக்தி, மேலாண்மைக் கழகம், குடும்பத் தொழில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தூக்கிச் சுமந்தார், உடம்பு விட்டுக் கொடுத்தது என்பதே எனக்குப் படுகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த விஷயத்தில் சோதித்துப் பார்க்க நம்மிடம் இப்போது எதுவும் மிச்சம் இல்லை. நிலா அப்படி இல்லை. அது தினமும் வருகிறது.

காஸ்மிக் கதிரை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? அப்போலோ வீரர்கள் 1969 முதல் 1972 வரை ஆறு தடவை இறங்கி 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு துளி நம்ம நாட்டுக்கும் வந்தது. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் நம்ம விஞ்ஞானிகளே அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1971-ல் முடிவை வெளியிட்டார்கள். காஸ்மிக் கதிரில் வரும் கனமான துகள் ஒரு படிகத்தைத் துளைத்துப் போனால் உள்ளே ஒரு சேதக் கோடு விழும். அமிலத்தில் ஊறவைத்தால் அந்தக் கோடு பெரிதாகித் தெரியும். பூமியில் காற்று மண்டலம் அந்தத் துகள்களைத் தடுத்துவிடுகிறது. நிலாவில் தடுக்க ஏதும் இல்லை. கோடிக்கணக்கான வருஷம் வெட்டவெளியில் கிடந்த கல்லில் மட்டுமே அந்தத் தழும்பு இருக்கும், மேலே நிறைய, உள்ளே போகப் போகக் குறைவாக. எந்த ஸ்டூடியோ இதைச் செய்யும்? எந்தப் பட்டறை செய்யும்? அந்தக் குழுவின் தலைவர் தேவேந்திர லால், 1972-ல் சாராபாய் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடத்துக்கே இயக்குநராகப் போனார். கதிரை எண்ணத் தொடங்கிய இடத்துக்கு, கதிர் தொட்ட கல்லை ஆராய்ந்தவர் வந்து சேர்ந்தார்.

2008-ல் சந்திரயான்-1. 2019-ல் சந்திரயான்-2. அந்த வருஷம் செப்டம்பர் 7-ல் முதல் விக்ரம் நிலாவில் விழுந்து நொறுங்கியது, அதை மறைக்கவில்லை. எங்கே விழுந்தது என்று நாசா எடுத்த படங்களைப் பொதுவில் வைத்தார்கள். முன்னால் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டு, ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சென்னையைச் சேர்ந்த ஒரு இன்ஜினியர். நாசா சரிபார்த்து டிசம்பரில் அவர் பெயரையே போட்டு ஒப்புக்கொண்டது. சந்தேகம் என்றால் இப்படி இருக்கணும் என்று எனக்குத் தோன்றியது. இரவு இரவாக உட்காருகிற சந்தேகம்.

சந்திரயான்-2-ன் சுற்றுக்கலம் மட்டும் நல்லபடியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. 2021 ஏப்ரலில் அதன் கேமரா, அப்போலோ 11 நிலாவில் விட்டுவிட்டு வந்த ஈகிள் கலத்தின் அடிப்பாகத்தைப் படம் எடுத்தது. அமெரிக்க கேமரா இல்லை, நம்ம கேமரா!

பிறகுதான் 2023. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பிளஸ் டூ போய் நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர் இல்லை, நம்மைப் போல பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ! பிறகு பி.இ. படித்தது எங்கே? இதே மேற்குத் தாம்பரத்தில், சாய்ராம் பொறியியல் கல்லூரியில். அவர் நின்ற பஸ் ஸ்டாப்பில் நாமும் நிற்கிறோம். நிலாவில் இறங்கியதெல்லாம் கிராபிக்ஸ் என்று சொன்னால், இந்த மனிதர் ராத்திரி பகலாகச் செய்த வேலை எல்லாம் என்ன ஆகும்? எனக்கு உறைத்தது இங்கேதான்.

போன பொங்கல் லீவில் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சாராபாய் கதையை ஆர்வமாகக் கேட்டார். கல்யாணத்தை இரண்டு தடவை கேட்டார். படம் எதையும் நம்ப மறுத்தார், படம் என்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். சரி, மண் கதை சொல்கிறேன் என்றேன்.

கலம் இறங்குவதையும், வண்டிச் சக்கரம் உருளுவதையும் பெங்களூரில் சோதித்துப் பார்க்க நிலா மண் மாதிரியே டன் கணக்கில் மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாங்கினால் விலை தாங்காது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் கிடைக்கும் அனார்தோசைட் என்ற வெள்ளைப் பாறை நிலாவின் மேட்டு நிலத்துப் பாறைக்கு உறவு என்பது ஏற்கெனவே தெரியும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் உதவி செய்ய, அதை வெட்டி, பொடியாக்கி அனுப்பினார்கள். உறவு என்று எதோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்? அப்போலோ 16 கொண்டு வந்த மண்ணோடு! அது நெவாடா பாலைவனத்து மண்ணாக இருந்திருந்தால் நம்ம ஆட்கள் தப்பான மண்ணில் சோதனை செய்திருப்பார்கள்.

இறங்கிய பிறகு பிரக்யான் வண்டி 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அந்தக் கருவியைச் செய்தது எந்த நிறுவனம் தெரியுமா? 1947-ல் சாராபாய் சில அறைகளில் தொடங்கிய அதே அகமதாபாத் ஆராய்ச்சிக் கூடம்! 2024-ல் முடிவு வெளியானது. தென் துருவம் பக்கத்து மண், அமெரிக்காவின் அப்போலோ 16 மண்ணுக்கும் சோவியத்தின் லூனா 20 மண்ணுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. மூன்று நாடு, மூன்று கலம், மூன்று இடம், ஒரே வகைப் பாறை.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. லேத்தில் ஒரு பீஸை மூன்று பேர் மூன்று மைக்ரோமீட்டரில் அளந்து ஒரே அளவு வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் பேசவில்லை. நிலாவில் சாராபாய் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குக் கிழக்கே 250, 300 கிலோமீட்டரில்தான் கடைசி அப்போலோ இறங்கியது என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் மாமாவே கேட்டார், சித்தம்பூண்டி எந்தப் பக்கம் என்று. அத்தைக்கு ஊர் பரமத்தி வேலூர். அடுக்களையிலிருந்து அத்தைதான் பதில் சொன்னார், பக்கத்தில்தான், பஸ் இருக்கு என்று. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்தப் பாறையில் ஒரு துண்டு எடுத்து வரணும் என்று மாமா சொல்லியிருக்கிறார். நிலாவை நம்புகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.